கடைக்காரர் எழுதும் மடல்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் என்னும் பகுதியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1931-ஆம் ஆண்டில் அங்கே இரயில் நிலையம் அமைந்தது. அதன் எதிரே பேருந்து நிலையம்; சுற்றிலும் தங்கும் விடுதிகளும் உணவகங்களும். சற்றுத் தொலைவு நடந்தால் சாலைக் கடைத்தெரு. திருவிதாங்கூர்த் திவான் இராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டில் நிறுவிய அந்த வீதியிலே, தமிழகத்திலிருந்து சென்று தலைமுறைகளாக வாணிகம் புரிவோர் உளர்.

அத்தகைய சிறு கடைக்காரர் ஒருவர், தம் வாடிக்கையாளர்க்கு மாதந்தோறும் மின்னஞ்சலில் ஒரு மடல் அனுப்பத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கடையின் வரலாற்றை எழுதுவார். இரண்டாம் மாதம் விலைப்பட்டியல். மூன்றாம் மாதம் கை நின்றுவிடும். “இனி எழுத என்ன இருக்கிறது?” என்பார். அவருக்கு விடை கூறுவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜான் டியர் நிறுவனத்தார் 1895-ஆம் ஆண்டில் ஓர் இதழைத் தொடங்கினர். ‘உழவுசால்’ எனப் பொருள்படும் பெயர் அதற்கு. உழவர்க்குத் தம் நிலத்திலும் பயிரிலும் எழும் ஐயங்களைத் தீர்ப்பதே அதன் பணியாயிற்று. இன்றளவும் அவ்விதழ் வெளிவருகிறது. விற்பவரின் பெருமையைப் பேசியிருப்பின் அது ஓராண்டிலேயே ஓய்ந்திருக்கும்; வாங்குபவரின் கவலையைப் பேசியதால் நிலைத்தது. சிறு கடைக்கும் வழி இதுவே.

மடலுக்குரிய செய்திகள் மூன்று ஊற்றுகளிலிருந்து கிடைக்கும்.

முதலாவது, கடைக்கு வருவோர் கேட்கும் கேள்வி. கல்லாப்பெட்டிக்கு அருகே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். வருவோர் வினவுவனவற்றை அவர்கள் சொன்ன சொற்களிலேயே அன்றன்று குறித்துக்கொள்ளுங்கள். பொருளை எடுத்துக் கொடுக்கும் பையனிடமும் கேளுங்கள். முதலாளியைவிட அவன் காதில் விழுவது மிகுதி. “புதுப்பானை முதல் நாளே விரிசல் விடுகிறதே, என்ன செய்வது?” என்று ஓர் அம்மையார் கேட்கிறார். முதலில் நீரில் நன்றாக ஊறவைத்து, பின்னர்ச் சிறுதீயில் பழக்க வேண்டும் என்பது விடை. இதை ஒருவர் கேட்டார் எனில், கேளாமல் விட்டவர் பலர் இருப்பர். அந்த விடையே ஒரு மடல்.

அயல்மாநிலத்தில் வாழ்வோர்க்குச் சொல் வேற்றுமையும் ஒரு கருவூலமாகும். நாம் சர்க்கரை என்றால் பெரும்பாலும் வெள்ளைச் சீனியை எண்ணுகிறோம். மலையாளிகள் ‘சர்க்கரை’ என்பது வெல்லத்தை. நம் வெந்தயம் அவர்களுக்கு ‘உலுவா’. நம் பூண்டு ‘வெளுத்துள்ளி’. இவ்வேற்றுமையால் கடையில் நேரும் குழப்பத்தை நகைச்சுவையோடு எழுதினால் எவரும் விரும்பிப் படிப்பர். வாடிக்கையாளர் மலையாளிகளாயின் மடலும் மலையாளத்திலேயே இருத்தல் வேண்டும். நமக்கு எழுத வராவிடில், நாம் சொல்ல உள்ளூர் நண்பர் ஒருவர் எழுதலாம்.

இரண்டாவது ஊற்று, அவ்வூர்ப் பஞ்சாங்கம். ஆடி பிறந்தால் நம்மூரில் தள்ளுபடி விற்பனை. கேரளத்தில் அக்காலம் கர்க்கடக மாதம். மழை நாட்களில் மருந்துக்கஞ்சி பருகுவர், இராமாயணம் ஓதுவர். ஆகவே அங்கே கடை வைத்திருப்பவர், கஞ்சிக்கு வேண்டும் ஞவரை அரிசியையும் உலுவாவையும் பற்றி எழுதுதலே பொருத்தம். கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்காலை. அன்று பல்லாயிரம் பெண்கள் தம்பானூர் வரையிலும் அதற்கு அப்பாலும் தெருவெங்கும் அடுப்பு மூட்டுவர். நல்ல வெல்லத்தைத் தேர்வது எப்படி என்னும் மடல் அதற்குப் பத்து நாள் முன்னே சென்று சேரவேண்டும். மறுநாள் சென்றால் பயனில்லை.

விடுதி நடத்துபவர்க்கும் இதுவே வழி. ஆண்டுக்கு இருமுறை, பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும்போது விமான நிலைய ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுகிறது. இதை முன்கூட்டி அறிவிக்கும் விடுதிக்காரரைப் பயணி மறப்பாரா? கல்கத்தாவில் தொழில் செய்பவரோ, வங்காளப் புத்தாண்டில் வணிகர் புதுக்கணக்கு தொடங்கி இனிப்பு வழங்கும் ‘ஹால்காதா’ வழக்கத்தை எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது ஊற்று, சரக்கு வந்த வழி. ஓணத்துப் பூக்கோலத்திற்குத் தோவாளையிலிருந்து மலர் வருகிறது. மஞ்சள் ஈரோட்டிலிருந்து வரலாம். வெல்லம் இடுக்கி மாவட்டத்து மறையூரினதாக இருக்கலாம். இம்முறை விலை ஏன் ஏறியது, மழை எவ்வாறு கெடுத்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். காரணம் அறிந்தவர் விலையைப் பற்றி முணுமுணுப்பதில்லை.

இனி, எச்சரிக்கை இரண்டு. இசைந்தவர்க்கு மட்டுமே மடல் அனுப்ப வேண்டும்; பொருள் வாங்கியபோது தந்த முகவரியை அவர் அறியாமல் பயன்படுத்துதல் தகாது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாத மாதத்தில் வாளாவிருத்தலும் நன்றே. கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பினால் நம் கண்ணுக்குத் தெரியும். ஏன் என்று கேட்கலாம். மடலைத் திறவாமலே விலக்கிவிடுபவரை நாம் காண்பதில்லை. அவர் சொல்லாமலே போய்விடுகிறார்.

பிறந்த ஊரில் கடை வைப்பவர்க்கு அவர் தந்தையாரின் பெயரே சாட்சி. நாம் சென்று குடியேறிய ஊரிலோ நம் சொல்லே நமக்குச் சாட்சி. மாதம் ஒருமுறை, வாடிக்கையாளர்க்குப் பயன்படும் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்லி வருபவர், சில ஆண்டுகளில் அவ்வூராருக்கு அயலாராக இருக்கமாட்டார். ஆகவே, என்ன எழுதுவது என்று கூரையைப் பார்த்து அமர வேண்டா. கல்லாப்பெட்டிக்கு அப்பால் நிற்பவர் கேட்பதைச் செவிமடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மடல் அங்கேயே கிடைக்கும்.