கடைக்கு ஏற்ற இடம்



கல்வி கற்ற நம் இளைஞர்கள் அரசுப் பணியை மட்டுமே எதிர்நோக்கியிராது, வணிகத்திலும் காலூன்ற வேண்டும் என்பது நம் விருப்பம். முதல் சேர்ந்ததும் எழும் வினா, கடையை எங்கே வைப்பது என்பதாகும். இவ்வினா நம்மவர்க்கு மற்றவர்க்கு உள்ளதினும் கடினமானது.

வெளிநாட்டில் பொருளாதாரம் பயின்று, பரோடா அரசுப் பணியை விட்டு 1917இல் பம்பாய் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பங்கு வணிகத்தில் ஆலோசனை கூறும் தொழிலொன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என அறிந்ததும் வாடிக்கையாளர் விலகினர். திறமைக் குறைவால் அத்தொழில் வீழவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

நம் தெருவிலேயே கடை வைப்பது எளிது, வாடகையும் குறைவு. ஆயின் அங்கு வாங்குவோர் சிலரே. கூலி கிடைக்காத நாள்களில் கடன் கணக்கே வளரும். பேருந்து நிலையம், மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம், வாரச்சந்தை ஆகியவற்றின் அருகில் வாங்குவோர் பலரும் வெளியூரார். அவர்கள் பொருளின் தரத்தையும் விலையையும் பார்ப்பரேயன்றிக் கடைக்காரரின் குலத்தை விசாரித்துக்கொண்டிரார். ஆகவே, அறிமுகமற்றோர் நடமாட்டம் மிக்க இடமே நமக்கு உகந்தது.

முன்பணம் கொடுக்குமுன் அவ்விடத்தில் சந்தை நாள், சாதாரண நாள், விடுமுறை நாள் ஆகிய மூன்றிலும் காலையும் மாலையும் நின்று, கடந்து செல்வோரை எண்ணுங்கள். கணக்கும் போடுங்கள். மாத வாடகை 9,000 ரூபாய் எனில் நாளுக்கு 300 ரூபாய். நூறு ரூபாய் விற்பனையில் 15 ரூபாய் மிஞ்சுமாயின், வாடகைக்கு மட்டுமே நாள்தோறும் 2,000 ரூபாய்க்கு விற்றாக வேண்டும்.

கூட்டம் இடம் மாறுவதும் உண்டு. சென்னைக் கொத்தவால் சாவடியின் காய்கறி மொத்த வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. அக்கோயம்பேட்டிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் சென்ற அரசுப் பேருந்துகள், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்துக்கு மாறின. ஆதலால் புறவழிச் சாலையோ புதிய பேருந்து நிலையமோ வரவிருக்கிறதா என நகராட்சியில் கேட்டறிதல் நன்று.

சாதி கேட்டு இடம் மறுப்போர் இன்றும் உளர். நகராட்சிக் கடைகள் பொது ஏலத்தில் விடப்படுகின்றன. அறிவிப்பைக் கவனித்து, வைப்புத்தொகையுடன் ஆயத்தமாக இருங்கள். தனியாரிடம் இடம் பெறின், வாய்ச்சொல்லை நம்பாது எழுத்து ஒப்பந்தம் செய்து பதிவு செய்யுங்கள். கடை நன்கு நடக்கத் தொடங்கியதும் வெளியேறச் சொல்வோர்க்கு அதுவே விடையாகும். நம்மவரின் தொழிலைத் தடுப்பதும், பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வதும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி தண்டனைக்குரிய குற்றங்கள் என்பதையும் அறிந்திருங்கள்.

ஊருக்கு வெளியே நமக்கென ஒதுக்கிய இடத்தில் பல தலைமுறைகள் வாழ்ந்தோம். நம் கடைகளேனும் ஊரார் அனைவரும் நடக்கும் வீதியில் அமையட்டும். அதற்கான துணிவும் கணக்கறிவும் நம் இளைஞர்க்கு உண்டு என நம்புகிறோம்.