பள்ளியும் சுற்றுப்புறமும்



தொழிலின் பொருட்டுத் தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நாம், நம் பிள்ளைகளின் தமிழைப் பற்றிக் கவலைப்படுகிறோம். கணக்கில் அவர்கள் பெறும் மதிப்பெண்ணைப் பற்றியும் கவலைப்படுகிறோம். ஆனால், "நம் வீட்டுக் குழாயில் வருவது எந்த ஆற்று நீர்?" என்று அவர்களைக் கேட்பது அரிது. கேட்டால் பலர் விழிப்பர். பெரியவர்களாகிய நம்மிலும் சிலரே விடை கூறுவோம். சுற்றுச்சூழல் கல்வி இத்தகைய கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

இக்கல்விக்குச் சட்டத்தின் துணை உண்டு. காடு, ஏரி, ஆறு, வனவுயிர் ஆகியவற்றைக் காப்பது குடிமக்களின் கடமை என்பதை 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அரசியலமைப்பில் சேர்த்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. வானொலியும் இதனை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறிற்று.

பாடம் வந்துவிட்டது. ஆயின், அது வெறும் மனப்பாடமாகிவிடும் இடரும் உடன் வந்தது. நீர் மாசுக்கு இலக்கணம் எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவன், பள்ளி முற்றத்தில் சொட்டும் குழாயைக் காணாமலே வீடு திரும்பக்கூடும்.

இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில், உத்தராகண்ட் சேவா நிதி என்னும் நிறுவனம் 1980-களின் இறுதியில் வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கே மாணவர்கள் தம் ஊரையே பாடநூலாகக் கொண்டனர். ஒரு வீட்டிற்கு எவ்வளவு விறகு வேண்டும், கால்நடைகளுக்கு எவ்வளவு தீவனம் வேண்டும், அவ்வளவையும் ஊர் நிலம் தருமா என்று அளந்து கணக்கிட்டனர். தேவை விளைவை மிஞ்சினால் காடு தேயும் என்பதை அவர்கள் தம் கணக்கிலேயே கண்டனர்.

நகரப் பள்ளியிலும் இது இயலும். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயில் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள் வீழ்கின்றன. 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், வீணாவது 4 லிட்டருக்கு மேல். 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் வீழ்கிறது. இவற்றைக் கணக்கு வகுப்பிலேயே கற்பிக்கலாம். தனி ஆசிரியர் வேண்டுவதில்லை.

நமக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. தாயகத்து ஆறுகளை நம் பிள்ளைகள் விடுமுறையில் மட்டுமே காண்கின்றனர். வாழும் ஊரின் ஆற்றையோ அயலார் ஆறென்று எண்ணிவிடுகின்றனர். இவ்வாறு இரண்டும் அவர்களுக்கு அந்நியமாகிவிடலாகாது. பெங்களூருவில் வாழும் பிள்ளை, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொணரப்படும் காவிரி நீரைப் பருகுகிறான். டில்லிப் பிள்ளைக்கு யமுனை நீரோடு கங்கை நீரும் வருகிறது. கொல்கத்தாவின் கழிவுநீர் கிழக்கே உள்ள ஈரநிலங்களில் மீன் வளர்க்கப் பயன்படுகிறது. தம்மைப் புரக்கும் ஊரை அறிந்த பிள்ளைகளே அதனைப் பேணுவர்.

ஆகவே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை வினவியபின் இன்னும் இரண்டு வினாக்களை எழுப்புவோம்: இப்பள்ளிக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இதன் குப்பை எங்கே போகிறது? விடையைக் கண்டறியும் பணியை மாணவர்களிடமே விடுமாறு ஆசிரியர்களை வேண்டுவோம். அவர்கள் வீட்டிற்கு வந்து நம்மையும் அவ்வாறே கேட்பர்; விடை கூற நாமும் ஆயத்தமாக இருப்போம்.