குருதி கூறும் மூச்சுக் கணக்கு

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரை வயற்கிராமங்களில், இரவிலே தரையிற் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் தீண்டுவதுண்டு. பெரும்பாலும் நோவு தோன்றாது. மூச்சுத் தசைகளோ மெல்லத் தளரும்.

அவ்வேளை ஒட்சிசன் ஊட்டினால் நோயாளி தேறியவர்போலத் தோன்றலாம். நாடிக் குருதியே உண்மை கூறும். அதிற் காபனீரொட்சைட்டின் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் என்பது இயல்பு. மூச்சுக் குன்றின் அது ஏறும்; பி.எச். அளவு 7.35-க்குக் கீழ் இறங்கும்.

1952-இல் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. குருதியிற் காபனீரொட்சைட்டின் மொத்த அளவு உயர்ந்தமையைக் காரமிகுதி என மருத்துவர்கள் கருதினர். மூச்சுக் குறைவே காரணமெனத் தெளிந்த இப்சன் என்னும் மருத்துவர், தொண்டைக் குழாய்வழி கையாற் காற்றூட்டச் செய்தார். மரணங்கள் பெரிதும் குறைந்தன.

ஓர் எண் தனித்து நின்றால் மயக்கும். துணை எண்ணோடு சேர்ந்தே பொருள் தரும். அதனைப் படித்தறிவது மருத்துவர் கடன். தீண்டலோ என்ற ஐயம் எழுந்தவுடனே நோயாளியை வைத்தியசாலை சேர்ப்பது சுற்றத்தார் கடன்.