ஏசியை அணைக்காதீங்க, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விடுங்க

எலக்ட்ரிக் கார் வச்சிருக்கிற வீடுகள்ல ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். மே மாச வெயில். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் குடும்பத்தோட பயணம். பாதி வழியில் ரேஞ்ச் குறையுதுன்னு பயந்து, ஓட்டுறவர் ஏசியை அணைச்சிடுவார். பின் சீட்ல பாட்டி முந்தானையால விசிறிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. கார் மட்டும் 100-ல போய்க்கிட்டே இருக்கும். இன்னைக்கு எபிசோடு அந்தப் பாட்டிக்காக.

முதல்ல, விளம்பரத்துல வர்ற எண். 2020-ல வந்த முதல் நெக்ஸான் ஈவி-யில் 30.2 யூனிட் பேட்டரி. சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 312 கி.மீ. யூனிட்னா நம்ம கரண்ட் பில்லில் வர்ற அதே யூனிட்தான். வகுத்துப் பார்த்தா, 100 கி.மீ.க்கு 10 யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இது பொய் இல்லை. ஆனா அந்த இந்தியச் சோதனை முறையில் அதிகபட்ச வேகமே 90 கி.மீ.தான், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஏசி ஓடாது. நம்ம ஹைவே வாழ்க்கை அப்படி இல்லை.

அப்போ கரண்ட் எங்கே போகுது? ஹைவேயில் பெரும் பங்கு காற்றைத் தள்ளத்தான் போகுது. வேகம் கூடினா காற்றின் எதிர்ப்பு அதன் வர்க்கமாகக் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனா வேகம் கால் பங்குதான் கூடுது, காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிடும்.

நான் ஒரு நடுத்தர எஸ்யூவிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டரி 40 யூனிட், ஏசி ஓடுதுன்னு வச்சுக்குவோம். 80-ல் போனா 100 கி.மீ.க்குச் சுமார் 13 யூனிட். 100-ல் போனா சுமார் 16.5. அதாவது ஃபுல் சார்ஜில் 300 கி.மீ. ஓடுற கார் 240-ல் நின்னுடும். 60 கி.மீ. வித்தியாசம்!

இப்போ ஏசி. கேபின் குளிர்ந்த பிறகு அது இழுக்கிறது ஏறக்குறைய 1 கிலோவாட்னு வைங்க. 100-ல் போகும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட், அதாவது 100 கி.மீ.க்கு ஒரே ஒரு யூனிட். அதை அணைச்சா கூடுதலாகக் கிடைக்கிறது 15 கி.மீ. சொச்சம். வேர்த்துக் கொட்டினதுக்கு அவ்வளவுதான் கூலி.

நார்வே வீடியோ பார்த்துட்டு, 'குளிர்காலத்துல ரேஞ்ச் பயங்கரமாக் குறையுதே' என்று கேட்பீங்க. அங்கே வெளியே மைனஸ் 10, உள்ளே 20. வித்தியாசம் 30 டிகிரி. பேட்டரியும் குளிர்ந்து கிடக்கும். நமக்கு வெளியே 38, உள்ளே 25. வெறும் 13 டிகிரி. அந்த ஊர் பயம் நமக்கு வேண்டாம்.

ஊருக்குள்ளே கதை வேற. ஏசி கிலோமீட்டர் பார்த்துச் சாப்பிடாது, நேரம் பார்த்துச் சாப்பிடும். கிண்டி டிராஃபிக்கில் மணிக்கு 15 கி.மீ. வேகத்துல ஊர்ந்தா, ஒவ்வொரு கிலோமீட்டர்லயும் அதன் பங்கு பெருசாத் தெரியும். ஆனாலும் 20 கி.மீ. போய்ச் சேர ஏசிக்கு ஆகிறது ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவு. ராத்திரி வீட்டுல சார்ஜ் போட்டா முடிஞ்சது.

ஒண்ணு மட்டும் நம்ம கையில் இல்லை. அது மேடு. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கு. ஆட்களோட 1,800 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் ஏத்தவே 4 யூனிட்டுக்கு மேல் வேணும். திரும்பி வரும்போது அதுல ஒரு பகுதி கிடைச்சுடும். அதனால போறப்போ ஆன செலவை வைத்து வர்றதுக்குக் கணக்குப் போடாதீங்க, வர்றதை வைத்துப் போறதுக்கும் போடாதீங்க.

செய்ய வேண்டியது மூணே மூணு. கிளம்புறதுக்கு முன்னாடி, பிளக்கில் இருக்கும்போதே கேபினைக் குளிர வைங்க. டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க. சார்ஜ் குறைஞ்சா வேகத்தை 80-க்கு இறக்குங்க. 100 கி.மீ.க்குக் கூடுதலாக ஆகிறது 15 நிமிஷம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

டேஷ்போர்டுல 'இன்னும் இத்தனை கி.மீ.'ன்னு காட்டுறதை விட்டுட்டு, 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட்டுன்னு ஒரு வாரம் குறிச்சு வைங்க. உங்க காரோட உண்மையான மைலேஜ் அதுதான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.