அருவிக்கரையில் விழுந்த பல்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியனை மேடையேற்றினால் சீவக சிந்தாமணியைப் பற்றியோ நீலகேசியைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் பல். இதைப் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டு. தகரமும் நகரமும் பல்லின் அடியை நா பொருந்துவதால் பிறப்பன. வகரத்துக்குப் பல்லும் உதடும் சேர வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியலை முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்தினேன். அதன் உண்மையை ஒரு சிறுவனின் வாயில் கண்டது குற்றாலத்தில்தான்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வந்தவாசிப் பக்கத்து உறவினர் சிலர் கழுகுமலையைத் தரிசித்துவிட்டுத் தென்காசியில் எங்கள் இல்லத்துக்கு வந்தனர். பாறையில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களைக் கண்ட நிறைவு அனைவர் முகத்திலும் இருந்தது. ஆனி மாதச் சாரல் காலம். மறுநாள் ஐந்தருவிக்குச் சென்றோம். என் தங்கையின் பேரன், பதினொரு வயதினன், பாசி படிந்த கல்லில் வழுக்கி முகங்குப்புற விழுந்தான். மேல்வாயின் நடுப்பல் ஒன்று வேரோடு தெறித்தது.

பல்லைத் தேடி எடுத்தவன் நான். மணல் ஒட்டியிருந்ததால் அருவி நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். ஈரம் போகத் துடைத்துக் கைக்குட்டையில் பத்திரமாக முடிந்துகொண்டேன். சாரல் காலத்து வாகன நெரிசலில் நகர்ந்து தென்காசியில் ஒரு பல் மருத்துவரை அடைய ஒன்றரை மணி நேரமாயிற்று. அவர் கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கடிந்து ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன் செய்த பிழை என்பது எனக்கு விளங்கிவிட்டது.

நான் செய்திருக்க வேண்டியது இது. பல்லின் வெண்மையான தலைப்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும், வேரைத் தொடலாகாது. வேரைச் சுற்றிலும் உயிருள்ள மெல்லிய திசு ஒட்டியிருக்கிறது. பல்லை மீண்டும் எலும்போடு பிணைக்க வல்லது அதுவே. அழுக்கிருந்தால் சில நொடிகள் நீரில் அலசலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அப்போதே பள்ளத்தில் பல்லைப் பொருத்தி, துணியை மெல்லக் கடிக்கச் செய்து அழைத்துப் போகலாம். அதற்குத் துணிவில்லையெனில் பாலில் இட்டுக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் போட்டு வைப்பதும் தவறு. அத்திசு அதில் ஊறிச் சிதையும். அரைமணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர்ந்தால் நம்பிக்கை மிகுதி. உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கழிந்தால் அத்திசு பிழைப்பது அரிது. அருவிக்கரைத் தேநீர்க் கடைகளில் பாலுக்கா பஞ்சம்? பத்தடி தூரத்தில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. காய்ச்சாத பாலும் அங்கே பாக்கெட்டில் இருந்திருக்கும். (பால்பல் விழுந்தால் இவையெல்லாம் வேண்டா. அதைத் திரும்பப் பொருத்தினால் உள்ளே வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு.)

மருத்துவர் பல்லைப் பொருத்தி, பக்கத்துப் பற்களோடு கம்பியால் கட்டினார். மூன்றாம் ஆண்டில் அவர் அஞ்சியபடியே வேர் கரைந்து பல் ஆடி விழுந்தது. பதினான்கு வயதுப் பையன் பள்ளியில் ‘வணக்கம்’ சொல்லவும் கூசினான். வகரம் காற்றாய் வெளியேறியது. தாடை வளர்ந்து முடியும் முன் இம்பிளாண்ட் பொருத்துவதில்லையாதலால், கழற்றி மாட்டும் பிளேட்டோடு ஆறேழு ஆண்டுகள் கழித்தான்.

ஒரு பல் போனால் என்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். வெற்றிடத்தை நோக்கிப் பக்கத்துப் பற்கள் சாய்கின்றன, எதிர்ப்பல் இறங்குகிறது, வேர் இல்லாத எலும்பு மெலிகிறது. அதை நிரப்ப வழிகள் மூன்று. கழற்றும் பிளேட் செலவு குறைந்தது. பிரிட்ஜ் உறுதியானது, ஆனால் இருபுறத்து நல்ல பற்களையும் அதற்காகச் சீவ வேண்டும். மூன்றாவது இம்பிளாண்ட். டைட்டானியம் எலும்போடு ஒன்றிப் பிணைவதை ஸ்வீடன் நாட்டு பிரோனெமார்க் 1952-இல் முயல்களின் எலும்பை ஆராய்கையில் எதிர்பாராமல் கண்டார். (முயல்கள் பட்ட துன்பத்தை நினைக்காமல் இவ்வரியை என்னால் எழுத முடியவில்லை.) 1965-இல் அவர் முதன்முதலாகப் பொருத்திய நோயாளி 2006-இல் இறக்கும்வரை அப்பற்களோடு வாழ்ந்தார்.

நம் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி இனி வருவது. பேரனுக்கு இருபது வயதானபோது எலும்பு மெலிந்திருந்தது. எலும்புத் துகள் இட்டு நிரப்பிய பின்பே இம்பிளாண்ட் நிற்கும் என்றனர். “எதன் எலும்பு?” என்று என் தங்கை கேட்டாள். மாட்டெலும்பைப் பக்குவப்படுத்திய துகள் அது. அதன்மேல் மூடும் சவ்வும் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுப்பதுண்டு. தையல் நூலோ பட்டு. நூல் பட்டென்றால் அதன் பின்னால் எத்தனை புழுக்கள் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கேட்கட் என்னும் நூல் விலங்கின் குடலிலிருந்து எடுப்பது.

தங்கை சிகிச்சையே வேண்டாமென்று எழுந்துவிட்டாள். நான் தடுத்தேன். மாற்று இருக்கிறதா என்று கேட்டோம், இருந்தது. கால்சியம் பாஸ்பேட் வகைச் செயற்கைத் துகள் உண்டு. தேவை சிறிதாயின் நோயாளியின் தாடையிலிருந்தே எலும்பு எடுப்பதும் உண்டு. செயற்கைச் சவ்வும், நைலான் முதலிய செயற்கை நூலும் கிடைக்கின்றன. எல்லா நிலைக்கும் எல்லாம் பொருந்தா. எது பொருந்தும் என்பதை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும். ஆனால் நம் கொல்லாமை நோன்பை அவர் அறிந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது முறையன்று. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபின் பேச வழியில்லை. அதற்கு முன்பே கேளுங்கள். சர்க்கரை நோய், இரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகியவற்றைச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடலாம்.

ஒருகாலத்தில் யானைத் தந்தத்திலும் நீர்யானைத் தந்தத்திலும் பல்செட் செய்தனர். 1815-இல் வாட்டர்லூ போரில் மடிந்த வீரர்களின் பற்களைப் பிடுங்கி விற்றதும் வரலாறு. 1930-களில் அக்ரிலிக் வந்தது. இன்று நம் முதியோர் அணியும் செட்டின் சிவந்த ஈறு அதுவே. அதை வெந்நீரில் இட்டால் கோணிவிடும். பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும். மென்மையான பிரஷும் சோப்பும் போதும். கழுவும்போது கீழே நீர் நிரம்பிய பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். கை தவறினாலும் உடையாது. இரவில் கழற்றி நீரில் இடுக. அருவியில் குளிக்குமுன் கழற்றிப் பெட்டியில் வைக்க மறவாதீர்கள். பேரருவியின் கீழ் வாய் திறந்து ‘ஆ’வென்ற என் நண்பர் ஒருவர் செட்டில்லாமல் வெளியே வந்தார்.

முனிவரின் 28 மூலகுணங்களுள் பல் துலக்காமையும் ஒன்று என்பதைக் காட்டி, நோன்பு நாளில் செட்டைத் தொடவும் மறுக்கும் பெரியவர்களை அறிவேன். முனிவர் நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, கையே கலமாக உண்பவர். நாம் நேந்திரங்காய் வறுவலும் திருநெல்வேலி அல்வாவும் உண்கிறோம். இல்லறத்தாருக்கு அவ்விரதம் விதிக்கப்பட்டதன்று. மேலும் செட் என்பது பல்லன்று, கலம். உண்ட கலத்தைக் கழுவாமல் விட்டால் அதில் காளான் முதலிய நுண்ணுயிர்கள் பெருகும், வாய் புண்ணாகும். பெருக விட்டுப் பின் மருந்தால் அழிப்பதைவிடப் பெருகாமல் காப்பது நம் அறத்துக்கும் இசைந்தது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் வழக்கம் இங்கே பெருந்துணை. உண்டவுடன் துலக்கிவிட்டால் உமிழ்நீர் குறையும் உறக்க வேளையில் வாயில் உணவு தங்காது.

பிரிட்ஜின் அடியில் சாதாரண பிரஷ் நுழையாது. அதற்கென்று சிறு பிரஷும் நூலும் உள்ளன. இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு வலியின்றியே புண்படும். துலக்கும்போது இரத்தம் கசிவதே முதல் அறிகுறி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நன்று.

பேரனுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. சென்ற ஆனியில் மீண்டும் குற்றாலம் வந்தான். ஐந்தருவிக்குப் புறப்படும்போது என் கையில் ஒரு பால் பாக்கெட் இருப்பதைப் பார்த்து, “தாத்தா, இது யாருக்கு?” என்று சிரித்தான். முன்பல் நன்றாகத் தெரிந்தது.