கை தட்டினவர்கள் நாமேதான்
(திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசியது)



நாம் விளையாட்டில் தேர்ந்தவர்களல்ல. ஒலிம்பிக் பந்தயம் வந்தால் வண்ணார்பேட்டை டீக்கடையிலாவது வீட்டிலாவது டெலிவிஷன் முன் உட்கார்ந்து கை தட்டுகிறவர்கள். கோல் விழுந்தால் துள்ளுகிறோம். அடித்தவர் என்ன சாதி என்று அந்நேரம் எவனுக்காவது கேட்கத் தோன்றுகிறதா?

தோற்றால்தான் கதை வேறு. டோக்கியோவில் 2021 ஜூலை 31-ந் தேதி தென்னாப்பிரிக்காவை நம் பெண்கள் ஹாக்கியில் 4-3 என்று ஜெயித்தார்கள். வந்தனா கட்டாரியா என்கின்ற பெண் ஒருவரே மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்ணொருவர் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. ஆகஸ்ட் 4-ந் தேதி அர்ஜென்டினாவிடம் 2-1 என்று தோற்றார்கள். உடனே ஹரித்துவார் பக்கம் அவர் வீட்டு வாசலில் சிலர் பட்டாசு கொளுத்தி, தாழ்ந்த சாதியாரைச் சேர்த்ததால் வந்த தோல்வி என்று ஏசியதாக வீட்டார் போலீசில் புகார் கொடுத்தார்கள், கைதும் நடந்தது. ஜெயித்தால் தேசத்தின் மகள், தோற்றால் சேரிப்பெண்! எதிரே நின்ற அர்ஜென்டினாக்காரிக்கு நம் வருணாசிரமம் தெரியவே தெரியாது.

வடநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்த பிள்ளைகளே சாதியின் பேரால் வீடு புகுந்து வெட்டினார்கள் என்ற சேதி கேட்டு நாம் குன்றிப்போகவில்லையா? கையில் கலர் கயிறு கட்டிச் சாதி காட்டுவதைப் பள்ளிக்கூடங்களில் தடுக்கும்படி நீதிபதி சந்துரு குழு 2024-ல் அரசாங்கத்துக்கு எழுதவேண்டி வந்தது. கயிறு கட்டும் பிள்ளைகளின் தகப்பன்மார் யார்? வந்தனாவுக்குக் கை தட்டின நாமேதான்.

இன்றிரவு வீடு போனதும் பையன் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறிருந்தால், கத்தரிக்கோல் வீட்டிலேயே இருக்கும்.