சங்கத்தின் கதவு



சங்கம் அமைப்போர் ரோட்டரியின் வரலாற்றை அறிதல் நலமெனக் கருதுகிறோம். 1905 பிப்ரவரி 23 அன்று, சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிசும் நண்பர் மூவரும் கூடினர். உறுப்பினர் அலுவலகங்களில் சுழன்று கூடியமையால் அப்பெயர் அமைந்தது. தொழிலில் ஒருவருக்கொருவர் உதவுவதே முதல் நோக்கம். 1907இல் நகருக்குப் பொதுக் கழிப்பிடம் அமைக்க முற்பட்டதே பொதுத்தொண்டின் தொடக்கம்.

சங்கம் உலகெங்கும் பரவிற்று. மகளிர்க்கோ கதவு திறக்கவில்லை. 1977இல் கலிபோர்னியாவின் டுவார்ட்டே கிளை மகளிரைச் சேர்த்தது. மறு ஆண்டே தலைமை அக்கிளையை நீக்கியது. கிளை வழக்காடிற்று. 1987இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் கிளைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1989இல் ரோட்டரி விதியையே மாற்றியது.

ஊருக்குத் தொண்டாற்றும் சங்கம் ஊரில் பாதிப்பேரை வெளியே நிறுத்தலாமா? நம் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலையும் இக்கேள்வியோடு எடுத்துப் பார்ப்போமாக.